கழுவிய கற்றாழை, கழுவாத கற்றாழை

(அமிர்தியில் ஊர்மக்களும் மாணவர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய உரை)

 

வேலூரிலிருந்து அடுக்கம்பாறை, கணியம்பாடி வழியாக அமிர்திக்கு 25 கிலோமீட்டர்தான். ஆனால் கணியம்பாடியை விட்டுத் திரும்பியதும் காற்றே மாறிவிடுகிறது. 1967 முதல் இங்கே இருக்கிற உயிரியல் பூங்காவைப் பார்க்கவும், மழைக்காலத்தில் அருவியில் குளிக்கவும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் போகும்போது, ‘இங்கே என்ன மூலிகை கிடைக்கும்?’ என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். இது ஜவ்வாது மலையின் அடிவாரம்; ஜவ்வாது மலை என்றால் தேன், சாமை, கடுக்காய், அதோடு மூலிகை. அப்படி ஒரு பெயர் இந்த மலைக்கு உண்டு.

அந்தப் பெயருக்கேற்ப நான் ஏதோ அபூர்வ மூலிகையைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இல்லை. உங்கள் கிணற்றடியில், வரப்போரத்தில், ஓட்டைக் குடத்தில் வளர்கிற சோற்றுக்கற்றாழையைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஏன் தெரியுமா? அபூர்வ மூலிகையால் ஊருக்குக் கேடு வருவதில்லை. கிடைக்காத பொருளை யார் தின்னப் போகிறார்கள்? எல்லார் வீட்டிலும் இருப்பது எதுவோ, எல்லாரும் யோசிக்காமல் வாயில் போட்டுக்கொள்வது எதுவோ, அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. கற்றாழை மடல் ஒன்றுதான்; அதற்குள் இருக்கும் பொருள் இரண்டு. ஒன்று குளிர்ச்சியான சோறு. இன்னொன்று கசப்பான மஞ்சள் பால். சோற்றின் குணம் வேறு, பாலின் குணம் வேறு. சோற்றால் வரும் நன்மை வேறு, பாலால் வரும் தீமை வேறு. இரண்டையும் பிரிக்கத் தெரிந்தவர் கையில் கற்றாழை மருந்து. பிரிக்கத் தெரியாதவர் கையில்?

இதோ, இந்த மடலைப் பாருங்கள். இன்று காலை செடியிலிருந்து வெட்டாமல், அடியோடு பிரித்து எடுத்து வந்தேன். இப்போது உங்கள் முன்னால் அடிப்பக்கத்தை வெட்டுகிறேன். வெட்டிய வாயைக் கீழே வைத்து, இந்தக் கண்ணாடி டம்ளருக்குள் சாய்த்து நிறுத்துகிறேன். முன்னால் இருக்கும் பிள்ளைகள் கிட்டே வந்து பார்க்கலாம். வெட்டின இடத்தில் நடுவே இருப்பது கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கிறதா? அதுதான் சோறு. அதைச் சுற்றி, பச்சைத் தோலுக்கு உள்பக்கமாக ஒட்டினாற்போல், பொட்டுப் பொட்டாக மஞ்சள் கசிகிறதா? அதுதான் பால். தோலுக்கு அடியில் ஓடுகிற நுண்ணிய குழாய்களில் இது நிறைந்திருக்கிறது. மூக்கருகே கொண்டு போனால் ஒரு நெடி அடிக்கும். ஒரு துளியை நாக்கு நுனியில் வைத்தால் போதும், கசப்பு வெகுநேரம் நாக்கை விட்டுப் போகாது. மாடு ஆடு வந்து கடித்துவிடாமல் செடி தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் காவல் இந்தக் கசப்பு. டம்ளர் அப்படியே இருக்கட்டும். பேச்சினிடையே மறுபடி பார்ப்போம்.

இந்தச் செடிக்குப் பூர்வீகம் நம் நாடு அல்ல என்றால் சிலர் வியப்பீர்கள். அரேபியத் தீபகற்பத்தின் வறண்ட மலைகள்தான் இதன் தாய்வீடு. தண்ணீரில்லாத மண்ணில் பிறந்த செடி. பகலில் இலையின் மூச்சுத் துளைகளை மூடிக்கொண்டு, இரவின் குளிர்ச்சியில் திறந்து மூச்சுவிடுகிறது. அதனால்தான் திருஷ்டிக்காக வாசலில் வேர் மேலே பார்க்கத் தலைகீழாய்க் கட்டித் தொங்கவிட்டாலும், மண்ணும் நீரும் இல்லாமல் மாதக்கணக்கில் வாடாமல் நிற்கிறது, பூக்கக்கூடச் செய்கிறது. அந்த ஈரத்தையெல்லாம் அது எங்கே வைத்திருக்கிறது? நாம் சோறு என்கிறோமே, அதில்தான். சோற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது பங்கு வெறும் தண்ணீர். மீதமுள்ள சிறு பங்கில் அசிமன்னான் போன்ற கொழகொழப்பான சர்க்கரைச் சேர்மங்கள் இருக்கின்றன. தோலைக் குளிர்விப்பதும் ஈரத்தைப் பிடித்து வைப்பதும் அவைதான்.

சரி, பாலில் என்ன இருக்கிறது? ஆலோயின் இருக்கிறது. பேதி மருந்து! வாயில் போட்டதும் இது வேலை செய்வதில்லை. பெருங்குடல் வரைக்கும் பேசாமல் போகிறது. அங்கே குடியிருக்கும் கிருமிகள் அதை உடைத்து வேறொரு பொருளாக மாற்றுகின்றன. அதன் பிறகுதான் குடல் சுருங்குகிறது. நீரை உறிஞ்ச வேண்டிய குடல், உறிஞ்ச மறுக்கிறது. இரவு தின்றால் காலையில் வயிறு கலக்குவது அதனால்தான். வயிறு சுத்தமாகிவிட்டது என்று மகிழ்கிறோம். நீரோடு சேர்ந்து பொட்டாசியம் என்கிற உப்பும் வெளியேறுவதை யார் கவனிக்கிறோம்? பொட்டாசியம் குறைந்தால் கை கால் தளரும், தசை பிடிக்கும், இதயத் துடிப்பு தடுமாறும். இதயத்துக்கு டிஜாக்சின் சாப்பிடுகிறவர், நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர், சிறுநீரகம் பழுதானவர், இவர்களுக்கு இது சாதாரணப் பேதி அல்ல, ஆபத்து.

நம் முன்னோர்களுக்கு ஆலோயின் என்ற பெயர் தெரியாது, பொட்டாசியம் தெரியாது. ஆனால் இரண்டு பொருள் என்பது நன்றாகத் தெரியும். சித்த மருத்துவத்தில் கற்றாழைக்குக் குமரி என்று பெயர். குமரி எண்ணெய், குமரி லேகியம் என்று மருந்துகள் இருக்கின்றன. அவற்றைச் செய்யும்போது முதல் வேலை என்ன? மடலைச் சீவி, சோற்றை எடுத்து, ஏழு தண்ணீர் விட்டுக் கழுவு என்பது. ஒரு தண்ணீர் அல்ல, இரண்டு தண்ணீர் அல்ல, ஏழு தண்ணீர்! கொழகொழப்பும் நெடியும் கசப்பும் போகும் வரை கழுவு. பாட்டிமார் செய்த பக்குவத்தில் இந்தக் கழுவல்தான் உயிர்நாடி. அதை விட்டுவிட்டுப் பாட்டி வைத்தியம் என்று பேர் சொல்வதில் என்ன பொருள்?

பாலையும் அவர்கள் வீணாக்கவில்லை. தனியே வடித்து, காய்ச்சி, இறுக்கி, கறுப்புக் கட்டியாக்கினார்கள். நாட்டு மருந்துக்கடையில் கரியபோளம் என்று கேளுங்கள், மூசாம்பரம் என்று கேளுங்கள், எடுத்துக் கொடுப்பார். கேரளத்தில் சென்னிநாயகம் என்பார்கள்; தாய்ப்பால் மறக்கடிக்கக் காம்பில் தடவுவார்கள். அந்தக் கசப்புக்குக் குழந்தை வாயை எடுத்துவிடும். ஆனால் குழந்தையின் வயிற்றுக்குள் போவதும் அதே பேதி மருந்துதானே? அந்தப் பழக்கம் வேண்டாம். நம் பக்கத்தில் கால் பிசகினால், முட்டி வீங்கினால், கரியபோளத்தைக் கல்லில் தண்ணீர் விட்டு உரசி, இரும்புக் கரண்டியில் சூடாக்கிப் பற்றுப் போடுவார்கள். வெளியே போடும் பற்று தோலோடு நின்றுவிடுகிறது. உள்ளுக்குக் கொடுப்பதென்றால் சுத்திமுறை, அளவு, நோயாளியின் உடல்வாகு எல்லாம் பார்த்து வைத்தியர்தான் கொடுப்பார். வீட்டில் நாமாக அளந்து கொடுக்கும் சரக்கு அல்ல அது.

இன்னொரு செய்தி. 1999-இல் உலக சுகாதார நிறுவனம் மூலிகைகளுக்கான விவரக் கோவையின் முதல் தொகுதியை வெளியிட்டது. அதில் கற்றாழைக்கு எத்தனை அத்தியாயம் தெரியுமா? இரண்டு! உலர்ந்த பாலுக்கு ஓர் அத்தியாயம், சோற்றுக்கு ஓர் அத்தியாயம். ஒரே செடிக்கு இரண்டு மருந்து, இரண்டு எச்சரிக்கை. பாலைப் பற்றிய அத்தியாயத்தில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள்: கர்ப்பிணிக்குக் கூடாது, பால் கொடுக்கும் தாய்க்குக் கூடாது, 10 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கூடாது, ஓரிரு வாரத்துக்கு மேல் தொடர்ந்து யாருக்குமே கூடாது. நம் ஏழு தண்ணீரும் உலக சுகாதார நிறுவனத்தின் இரண்டு அத்தியாயமும் சொல்வது ஒன்றைத்தான்.

இப்போது டம்ளரைப் பாருங்கள். அடியில் மஞ்சளாய்த் தேங்கியிருக்கிறதே, தெரிகிறதா? ஒரே ஒரு மடலிலிருந்து வடிந்தது. காற்றுப் பட்டுப் பட்டு ஓரம் கொஞ்சம் கறுக்கத் தொடங்கியிருக்கிறது. அந்த மடலை நிறுத்தி வைக்காமல், தோலோடு துண்டு துண்டாக நறுக்கி, மிக்சியில் போட்டு ஒரு சுற்றுச் சுற்றி, எலுமிச்சம்பழம் பிழிந்து, காலையில் வெறும் வயிற்றில் குடிக்கச் சொல்லிக் கைபேசியில் காணொளி வருகிறது. தோலில்தான் சத்து என்று ஒருவர் சொல்கிறார். எடை குறையும் என்கிறார், சர்க்கரை போகும் என்கிறார், புற்றுநோய் அண்டாது என்கிறார். கேட்கிறவர் மறுநாள் காலையிலேயே தொடங்கிவிடுகிறார். தினமும் குடிக்கிறார். மாதக்கணக்கில் குடிக்கிறார். தாய்மார்களே, இந்த டம்ளரில் இருப்பதைத்தான் அவர் தினமும் குடிக்கிறார்!

அமெரிக்காவில் இந்தப் பாலைக் கலந்து மலச்சிக்கல் மாத்திரைகள் விற்றுக்கொண்டிருந்தார்கள். பாதுகாப்பானது என்று நிரூபிக்கச் சொல்லி அரசின் உணவு மருந்து நிர்வாகம் கேட்டது. போதிய சான்று வரவில்லை. 2002-இல், மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கும் பேதி மாத்திரைகளிலிருந்து கற்றாழையை நீக்கச் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு அங்கேயே தேசிய நச்சியல் திட்டம் என்ற அமைப்பு, தோலும் பாலும் சோறும் சேர்ந்த முழு மடல் சாற்றை எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் குடிதண்ணீரில் கலந்து 2 ஆண்டுகள் கொடுத்துப் பார்த்தது. முடிவு 2013-இல் வந்தது. எலிகளின் பெருங்குடலில் கட்டிகள் வந்தன. சுண்டெலிகளில் வரவில்லை. இதையும் பிறவற்றையும் எடைபோட்டு, உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை, முழு மடல் சாற்றை ‘மனிதரிடம் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற 2பி பிரிவில் வைத்தது.

இதைக் கேட்டு யாரும் வீட்டுக்குப் போய்ச் செடியைப் பிடுங்கி எறிய வேண்டாம். 2பி என்றால் நிச்சயம் வரும் என்று பொருளல்ல. எலியில் கண்டார்கள், மனிதரிடம் போதிய சான்று இல்லை. அந்தச் சாறும் பால் நீக்காத சாறு. கழுவிய சோற்றைப் பற்றி யாரும் அப்படிச் சொல்லவில்லை. எந்த மருந்தையும் பார்த்து மிரள்வதும் தவறு, மயங்குவதும் தவறு.

ஈரலைப் பற்றியும் ஒரு வார்த்தை. கற்றாழை மாத்திரையும் சாறும் வாரக்கணக்கில் சாப்பிட்டு, கண் மஞ்சளாகி மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பற்றி ஜெர்மனியிலும் கொரியாவிலும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எண்ணிக்கையில் குறைவுதான். நிறுத்தியதும் பெரும்பாலும் சரியாகியிருக்கிறது. ஆனால் எதனால் வந்தது என்று தெரிந்தால்தானே நிறுத்த முடியும்? மருத்துவர் ‘என்ன சாப்பிடுகிறீர்கள்?’ என்று கேட்கும்போது நம் ஆட்கள் மாத்திரையை மட்டும்தான் சொல்வார்கள். கற்றாழைச் சாறு மருந்துக் கணக்கிலேயே வராது. ‘அது இயற்கைதானே’ என்பார்கள்.

இயற்கைதானே! இந்தச் சொல்லை இந்த மலையடிவாரத்தில் நின்று சொல்லலாமா? ஒடுவன்தழை என்றால் என்ன என்று இந்த வட்டாரத்தில் பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அது கொடிய நஞ்சு. அதன் நஞ்சு உடலில் என்ன செய்கிறது என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அதுவும் பச்சைதான். அதுவும் இயற்கைதான். அதுவும் இந்த மலையில் விளைந்ததுதான். காட்டோடு வாழ்ந்த மலையாளிப் பழங்குடி மக்கள் தழையைப் பார்த்த மாத்திரத்தில் எது மருந்து, எது நஞ்சு என்று பிரிக்கக் கற்றிருந்தார்கள். பிரித்தறிவதுதான் மூலிகை அறிவு.

சரி ஐயா, நல்லதைச் சொல்லுங்கள் என்கிறீர்கள். சொல்கிறேன். நல்லது நிறைய இருக்கிறது.

தீப்புண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அடுப்படியில் தோசைக்கல் பட்டுவிட்டது. கொதிக்கிற குழம்பு கையில் தெறித்துவிட்டது. தீபாவளிக்குப் பிள்ளை மத்தாப்புக் கம்பியை மிதித்துவிட்டான். முதலில் என்ன செய்ய வேண்டும்? கற்றாழையைத் தேடி ஓட வேண்டாம். குழாயைத் திறந்து, ஓடுகிற தண்ணீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். நன்றாகக் கேளுங்கள், 20 நிமிடம். ஐஸ் கட்டி வேண்டாம். பற்பசை வேண்டாம். பேனா மை வேண்டாம். மாவு வேண்டாம். தண்ணீர், தண்ணீர், தண்ணீர்! வளையலும் மோதிரமும் வீக்கம் வருமுன் கழற்றிவிடுங்கள். கொப்புளம் எழும்பினால் உடைக்காதீர்கள். உள்ளங்கை அளவுக்கு மேல் வெந்திருந்தால், முகத்தில் பட்டிருந்தால், மூட்டில் பட்டிருந்தால், சின்னக் குழந்தையாக இருந்தால், நேரே மருத்துவமனைக்கு வண்டி ஏறுங்கள். போகிற வழியில் அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

தோல் கிழியாமல் சிவந்து எரிகிற சின்னப் புண் என்றால், தண்ணீரில் ஆற்றிய பிறகு, கழுவிய சோற்றை மெல்லியதாகத் தடவுங்கள். எரிச்சல் அடங்கும். இது வெறும் நம்பிக்கை அல்ல. 1995-இல் தாய்லாந்தில் 27 பேரை வைத்துச் செய்த சோதனையில், வாஸ்லின் தடவிய துணி போட்ட புண் ஆற சராசரி 18 நாள் ஆனது. கற்றாழை போட்ட புண் 12 நாளில் ஆறியது. 2007-இல் இப்படிப்பட்ட நான்கு ஆய்வுகளை, 371 நோயாளிகளை, சேர்த்துப் பார்த்தபோதும் ஏறக்குறைய 9 நாள் முந்தி ஆறுவதாகத் தெரிந்தது. ஆய்வுகளின் தரம் போதாது, இன்னும் நல்ல ஆய்வு வேண்டும் என்று எழுதியவர்களே சொன்னார்கள். அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். நல்லதை மட்டும் சொல்லி நிறுத்துவது விளம்பரக்காரர் வேலை.

அப்படியானால் எல்லாப் புண்ணுக்கும் போடலாமா? போடக்கூடாது! 1991-இல் அமெரிக்காவில், வயிற்றில் அறுவை செய்து தையல் பிரிந்த ஆழமான காயங்களுக்குக் கற்றாழைக் கூழ் போட்டுப் பார்த்தார்கள். வழக்கமான சிகிச்சையில் சராசரி 53 நாளில் ஆறிய காயம், கற்றாழை போட்டவர்களுக்கு 83 நாள் எடுத்தது. ஒரு மாதம் தாமதம். தோலின் மேல் நல்லது செய்கிற பொருள், திறந்த காயத்துக்குள் கெடுதல் செய்துவிட்டது. அதோடு, தோட்டத்திலிருந்து பறித்த மடலில் மண்ணும் கிருமியும் இருக்கும். சிசேரியன் ஆன தாய்க்கு, சர்க்கரைப் புண் கால் உள்ளவருக்கு, கத்தி வெட்டுக்கு, தயவுசெய்து கற்றாழை வைத்துக் கட்டாதீர்கள். கால் விரலில் புண் வைத்துக்கொண்டு மூலிகை கட்டியே நாளைக் கடத்தி, கடைசியில் காலையே இழந்த கதைகள் சர்க்கரை நோய் மலிந்த நம் ஊர்களில் எத்தனை!

வேலூரில் கதிர்வீச்சு சிகிச்சைக்கு எங்கெங்கிருந்தோ வருகிறார்கள்; அவர்களில் நம் சொந்தக்காரர்களும் இருப்பார்கள். கதிர் பட்ட தோலுக்குக் கற்றாழை நல்லது என்று ஒரு பேச்சு உண்டு. அது 1935-இல் தொடங்கிய பேச்சு. எக்ஸ்ரே பட்டுத் தோல் வெந்த ஒருவருக்குப் பச்சை மடலை வைத்துக் குணமானதாகக் காலின்ஸ் என்ற மருத்துவர் எழுதினார். உலகம் முழுக்கக் கற்றாழைக் கூழ் பரவியதற்கு அது பெரிய காரணம். ஆனால் பிற்பாடு நூற்றுக்கணக்கான நோயாளிகளிடம் முறையாகச் சோதித்தபோது அந்தப் பலன் உறுதிப்படவில்லை. ஒரு சோதனையில் சாதாரணக் களிம்பே மேலாக இருந்தது. ஆகவே சிகிச்சை நடக்கும்போது தோலில் எதைத் தடவுவதானாலும் அங்குள்ள மருத்துவரைக் கேட்டே தடவ வேண்டும்.

சோரியாசிஸ் என்கிற செதில் படை நோயிலும் இதே கதை. 1996-இல் வந்த ஆய்வில் நூற்றுக்கு 83 பேருக்குக் குணம் என்றார்கள், எல்லாரும் கொண்டாடினார்கள். 2005-இல் டென்மார்க்கில் மறுபடி சோதித்தார்கள். கற்றாழையே இல்லாத கூழ் தடவிய பக்கம்தான் கொஞ்சம் கூடுதலாகத் தேறியிருந்தது. ‘ஆராய்ச்சியில் நிரூபணம்’ என்று யாராவது சொன்னால், ‘எத்தனை ஆராய்ச்சி? மறுபடி செய்து பார்த்தார்களா?’ என்று கேளுங்கள். மாணவர்களே, நீங்கள் கேளுங்கள்.

முகத்துக்கும் முடிக்கும் தடவுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வறண்ட தோலுக்கு ஈரம் தரும். தலையில் குளிர்ச்சி தரும். முதல்முறை தடவுகிறவர் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் விட்டுவிடுங்கள். கண்ணுக்குள் மட்டும் விடவே விடாதீர்கள்.

உள்ளுக்குச் சாப்பிடலாமா என்பதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. உடம்பில் வேறு நோயில்லாத பெரியவர், வெயில் காலத்தில் எப்போதாவது, நன்றாகக் கழுவிய சோறு இரண்டு துண்டு மோரில் போட்டுச் சாப்பிட்டால் தவறில்லை. எப்படிக் கழுவுவது? மடலை வெட்டியதும், நான் செய்தது போல் சாய்த்து நிறுத்துங்கள். பால் வடிந்து நிற்கட்டும். இரண்டு ஓரத்து முள்ளையும் சீவுங்கள். தோலைச் சீவும்போது கஞ்சத்தனம் வேண்டாம். பச்சையும் மஞ்சளும் ஒட்டாமல் ஆழமாகச் சீவுங்கள். துண்டு போட்டு, ஏழு தண்ணீர். பிறகு ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் தின்னாதீர்கள், மறுபடி கழுவுங்கள். வீட்டுக் கழுவலில் பால் முழுக்கப் போய்விட்டது என்று உறுதி சொல்ல முடியாது. அதனால்தான் ‘எப்போதாவது’ என்கிறேன். கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், குழந்தைகள், சிறுநீரக நோயாளிகள், ஈரல் நோயாளிகள், குடல் புண் உள்ளவர்கள் தொடவே வேண்டாம். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால் முன்கூட்டியே நிறுத்திவிட்டு, மயக்க மருந்து கொடுப்பவரிடம் சொல்லுங்கள்.

சர்க்கரைக்காரர்கள் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கற்றாழை சர்க்கரையைக் கொஞ்சம் இறக்குகிறது என்று சில சிறு ஆய்வுகள் சொல்கின்றன. நல்லதுதானே என்று தோன்றும். ஏற்கெனவே மாத்திரையும் ஊசியும் போட்டுக்கொள்பவருக்கு அதற்கு மேலும் இறங்கினால் என்னவாகும்? வேர்த்து, நடுங்கி, மயங்கி விழுவார். இல்லையென்றால், கற்றாழையை நம்பி மாத்திரையை நிறுத்திவிடுவார்; அது இன்னும் மோசம்.

ஆள் மாறாட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ரயில் பாதை ஓரத்தில், தோட்ட வேலியில் பெரிதாக வளர்ந்து நிற்குமே ஆனைக்கற்றாழை, அது கற்றாழையே அல்ல. நார் எடுக்கிற வேறு செடி. மடலின் நுனியில் ஊசி போல் கெட்டியான ஒரே ஒரு முள் நிற்கும். மடித்தால் நார் நாராகக் கிழியும். அதன் சாறு பட்டாலே தோல் அரித்துக் கொப்புளிக்கும். தின்றால் வாயும் தொண்டையும் எரியும். சோற்றுக்கற்றாழையில் ஓரத்தில் மட்டும் சின்னச் சின்ன மெல்லிய முள். நுனியில் அந்த ஊசி கிடையாது. மடல் சட்டென்று ஒடிந்து சோறு தெரியும். பிள்ளைகளுக்கு இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

கடைச் சரக்குக்கு வருவோம். பாட்டிலில் பெரிதாகக் கற்றாழைப் படம் போட்டிருப்பதால் உள்ளே கற்றாழை இருக்கிறது என்று ஆகிவிடாது. 2016-இல் அமெரிக்காவில் ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனம், பெரிய கடைகளில் விற்ற சில கூழ்களை ஆய்வகத்துக்கு அனுப்பியது. கற்றாழைக்கான அடையாளமே தென்படவில்லை என்று அறிக்கை வந்தது. விற்றவர்கள் அதை மறுத்தார்கள். குடிக்கிற சாறு வாங்கினால் சோற்றிலிருந்து எடுத்ததா, முழு மடலா என்று லேபிளில் பாருங்கள். பத்து லட்சம் பங்குக்கு 10 பங்குக்குக் கீழேதான் ஆலோயின் இருக்க வேண்டும் என்று கற்றாழைத் தொழில்துறையினரே தங்களுக்கு வரம்பு வகுத்திருக்கிறார்கள். அந்த அளவைக் குறிப்பிடாத பாட்டிலை வாங்க வேண்டிய கட்டாயம் நமக்கு என்ன?

சர்க்கரையைக் குணமாக்கும், புற்றுநோயைப் போக்கும் என்று விளம்பரம் செய்வது நம் நாட்டில் சட்டப்படி குற்றம். 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருத்துவ விளம்பரச் சட்டம் அதைத் தடுக்கிறது. எழுபது ஆண்டு கடந்த சட்டம்! இருந்தும் சந்தைக்குச் சந்தை, கைபேசிக்குக் கைபேசி அந்த விளம்பரம் வருகிறதே, ஏன்? நாம் புகார் கொடுப்பதில்லை. வாங்கிக் குடிக்கிறோம். இதில் எனக்குக் கோபம் உண்டு, மறைக்கவில்லை. ஏழைக் குடும்பம் கூலிக் காசில் வாங்கும் பாட்டில் அது.

அமிர்திக்கு வருகிற விருந்தினர்களுக்கும் ஒன்று. இது காப்புக்காடு. நினைவுக்கென்று இங்கே எந்தச் செடியையும் பிடுங்கிக்கொண்டு போகாதீர்கள். கற்றாழை வேண்டுமென்றால் தெரிந்த வீட்டில் ஒரு பக்கக்கன்று கேளுங்கள். மணல் கலந்த மண்ணில் நட்டு, தண்ணீரைக் குறைவாக ஊற்றினால் பிழைத்துக்கொள்ளும். நாய், பூனை வளர்க்கிறவர்கள் அவற்றுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அதன் பால் அவற்றுக்கும் ஆகாது.

நிறைவாக, இங்கே வந்திருக்கும் தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று வீட்டுக்குப் போனதும், காலையில் கற்றாழைச் சாறு குடிக்கிறவர் உங்கள் தெருவில் யார் என்று விசாரியுங்கள். அவர் தோலோடு அரைக்கிறாரா, கழுவி அரைக்கிறாரா, எத்தனை நாளாகக் குடிக்கிறார், கூட என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேளுங்கள். கர்ப்பிணிப் பெண் யாராவது குடித்தால் அன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். யாருக்காவது நிற்காத பேதியோ, படபடப்போ, கண்ணில் மஞ்சளோ தெரிந்தால் கை வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். குடித்த பாட்டிலையும் கையோடு எடுத்துப் போய் மருத்துவரிடம் காட்டுங்கள். சந்தேகம் கேட்க 104, அவசரத்துக்கு 108. இரண்டு எண்ணையும் அடுப்படிச் சுவரில் எழுதி வையுங்கள்.